மறுபரிசீலனை என்று எழுதியதைக் காலாவதி என்று படிக்கலாமா?

காவிரியில் தண்ணீர் குறையும் ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டில் ஒரு குற்றச்சாட்டு தவறாமல் தலைதூக்குகிறது. சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1924-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் ஐம்பது ஆண்டுகளுக்கானது. அது 1974-இல் முடிந்தது. அப்போது ஆட்சியில் இருந்த கருணாநிதி அதைப் புதுப்பிக்கத் தவறினார். டெல்டாவின் உரிமை அன்றோடு போயிற்று என்பது அதன் சாரம். அ.தி.மு.க. மேடைகளில் வளர்ந்த இந்தப் பேச்சு கட்சி எல்லையைத் தாண்டி வெகுகாலமாகிறது. தொலைக்காட்சி விவாதங்களிலும் டீக்கடைகளிலும் மறுக்க முடியாத வரலாறுபோல அது புழங்குகிறது. ஆனால் ஒப்பந்தம் 1974-இல் செத்துவிட்டது என்பதுதான் கர்நாடகம் நடுவர் மன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் முன்வைத்த வாதம். அதைத் தமிழ்நாடு அரசு, எந்தக் கட்சி கோட்டையில் இருந்தாலும், விடாமல் எதிர்த்து வந்தது. நீதிமன்றத்தில் நம் வழக்கறிஞர்கள் மறுத்ததையே மேடையில் நம் தலைவர்கள் ஒப்புக்கொடுத்தார்கள். உள்ளூர் எதிரியை வீழ்த்த எடுத்த கத்தி யார் கழுத்தில் இறங்குகிறது என்று எவரும் பார்க்கவில்லை. அந்தக் குற்றச்சாட்டின் அடிப்படையே தவறு. 1924 ஒப்பந்தத்தில் காலாவதி என்ற ஏற்பாடும் இல்லை, புதுப்பித்தல் என்ற ஏற்பாடும் இல்லை. இருப்பது மறுபரிசீலனை. அது முற்றிலும் வேறான ஒரு சட்டக் கடமை.

முதலில் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 1924 பிப்ரவரி 18 அன்று கையெழுத்தான அந்த ஆவணத்தின் பத்தாவது பிரிவில் பல உட்பிரிவுகள் உள்ளன. பதினோராவது உட்பிரிவுதான் ஐம்பது ஆண்டுகளைப் பற்றிப் பேசுகிறது. நான்கு முதல் எட்டு வரையிலான உட்பிரிவுகளில் கண்ட வரம்புகளும் ஏற்பாடுகளும் ஐம்பது ஆண்டுகள் முடிந்ததும் மறுபரிசீலனைக்கு உரியவை. அதுவரை கிடைத்த அனுபவத்தையும், இரு தரப்பிலும் பாசனத்தை மேலும் விரிக்க உள்ள வாய்ப்புகளையும் ஆராய்ந்து, இருவரும் ஒத்துக்கொள்ளும் மாற்றங்களைச் செய்யலாம் என்பதே அதன் பொருள். இதில் மூன்று செய்திகள் தெளிவாக உள்ளன. ஒன்று, ஐம்பது ஆண்டுக் கணக்கு ஒப்பந்தம் முழுவதற்கும் உரியதன்று. ஐந்து உட்பிரிவுகளுக்கு மட்டுமே உரியது. அந்த ஐந்தும் பெரும்பாலும் உச்சவரம்புகள்: மைசூர் புதிதாக விரிக்கக்கூடிய பாசனப் பரப்பு 1,10,000 ஏக்கர், மேட்டூர்த் திட்டத்தின்கீழ்ச் சென்னை சேர்க்கக்கூடிய புதிய பரப்பு 3,01,000 ஏக்கர், துணையாறுகளில் கட்டக்கூடிய தேக்கங்களின் அளவு போன்றவை. இரண்டு, கண்ணம்பாடி அணைக்குச் சென்னை அளித்த இசைவும், அந்த அணையிலிருந்து நீரை எந்த விதிகளின்படி விட வேண்டும் என்ற ஏற்பாடும் இந்த ஐந்துக்கு வெளியே நிற்கின்றன. மூன்று, மறுபரிசீலனையின் விளைவாக வரும் மாற்றம் எதுவும் இருவர் ஒப்புதலோடுதான் வர முடியும். இசைவு கிட்டாவிட்டால் எல்லாம் அற்றுப்போகும் என்று ஓரிடத்திலும் எழுதப்படவில்லை.

பதினொரு மாத வீட்டு வாடகைப் பத்திரத்தைப் போல இதை நினைத்துக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. வாடகைப் பத்திரத்தில் காலம் முடிந்தால் குடியிருப்பவரின் உரிமை முடிகிறது. வீட்டுக்காரர் விரும்பினால் புதுப்பிப்பார். காவிரியில் மைசூர் வீட்டுக்காரரும் அல்ல, சென்னை குடித்தனக்காரரும் அல்ல. தஞ்சை டெல்டாவின் பாசனம் 1924-இல் பிறக்கவில்லை. கல்லணை எழுந்து பல நூற்றாண்டுகள் கழித்தே அந்த ஒப்பந்தம் வந்தது. அதற்கு முந்தைய 1892 ஒப்பந்தமே இதற்குச் சாட்சி. குறிப்பிட்ட ஆறுகளில் சென்னையின் முன் இசைவு இல்லாமல் மைசூர் புதிய நீர்த்தேக்கம் கட்டக் கூடாது. ஏற்கெனவே நிலவும் அனுபோக உரிமையைக் காப்பதற்காக அன்றிச் சென்னையும் அந்த இசைவை மறுக்கக் கூடாது என்பது அதன் மையம். அனுபோக உரிமையை அந்த ஒப்பந்தம் உண்டாக்கவில்லை. இருப்பதாக ஏற்றுக்கொண்டு அதிலிருந்து தொடங்கியது. உரிமை ஒப்பந்தத்துக்கு முந்தையது என்றால், ஒப்பந்தத்தின் சில வரம்புகள் மறுபரிசீலனைக்கு வருவதால் அந்த உரிமை எப்படி அழியும்? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1892 ஒப்பந்தத்துக்கு எந்தக் கால வரம்பும் இல்லை. 1924 ஒப்பந்தம் அதன்கீழ்க் கேட்ட இசைவிலிருந்து பிறந்ததே. பிந்தையது முழுவதுமாக மறைந்ததாக வைத்துக்கொண்டாலும் முந்தையது நிற்கிறது.

திரும்பப் பேசுவது என்பது இந்த ஆற்றின் வரலாற்றில் புதிதும் அல்ல. கண்ணம்பாடி அணையைப் பெரிதாகக் கட்ட மைசூர் முனைந்தபோது சென்னை இசைய மறுத்தது. 1892 ஒப்பந்தத்தின்படி விவகாரம் நடுவரிடம் போனது; அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஹென்றி கிரிஃபின் 1914-இல் தீர்ப்பு வழங்கினார். இந்திய அரசு அதை ஏற்றது. சென்னை விடவில்லை, லண்டனில் இருந்த இந்தியாவுக்கான அமைச்சரிடம் முறையிட்டது, விவகாரம் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த நீண்ட பேச்சின் முடிவுதான் 1924 ஒப்பந்தம். அதன்படியே 44.8 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட கண்ணம்பாடி அணையான கிருஷ்ணராஜ சாகரமும் 93.5 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட மேட்டூர் அணையும் எழுந்தன. இத்தனை ஆண்டுச் சண்டையில் 1892 ஒப்பந்தம் செத்துவிட்டதாக எவரும் சொல்லவில்லை. அதன்மேல் நின்றே சண்டை போட்டார்கள், அதன்மேல் நின்றே சமரசமும் ஆனார்கள். அதே அதிகாரிகளும் சட்ட அறிஞர்களும் 1924-இல் ‘மறுபரிசீலனை’ என்று எழுதியபோது, அவர்கள் மனத்தில் இருந்தது தாங்கள் அப்போதுதான் செய்து முடித்த அதே வேலைதான்: பழையது நிற்கும்போதே அதைத் திறந்து பார்த்துத் திருத்துவது.

இனிக் காலவரிசைக்கு வருவோம். ‘1974-இல் புதுப்பித்திருந்தால் கர்நாடகம் அணை கட்டியிருக்காது’ என்பது இந்தக் கதையின் உயிர்நாடி. கபினி, ஹாரங்கி, சுவர்ணாவதி, ஹேமாவதி ஆகிய நான்கு திட்டங்களும் 1974-க்கு முன்பே தொடங்கப்பட்டவை. தமிழ்நாட்டின் இசைவு இல்லாமலும் மத்திய அரசின் ஒப்புதலுக்குக் காத்திராமலும் அவற்றைக் கர்நாடகம் முன்னெடுத்தது. ஒப்பந்தம் உயிரோடு இருப்பதாக எல்லோரும் ஒப்புக்கொண்ட காலத்திலேயே மீறல் நடந்தது. காலாவதியை மீறலுக்குக் காரணமாகக் காட்டுவது விளைவை முன்னால் வைத்துக் காரணத்தைப் பின்னால் தேடும் வேலை. 1974-இல் புதிதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலும், பழைய கையெழுத்தை மதிக்காத கை புதியதை மட்டும் மதித்திருக்கும் என்று நம்ப ஓர் ஆதாரமும் இல்லை.

அப்படியானால் மறுபரிசீலனைக்கு யார் மறுத்தார்கள்? தமிழ்நாடு 1970-லேயே விவகாரத்தை நடுவர் மன்றத்துக்கு அனுப்பும்படி மத்திய அரசைக் கேட்டது. 1972-இல் மத்திய அரசு அமைத்த உண்மை அறியும் குழு ஆற்றின் வரவையும் பயன்பாட்டையும் ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1976 ஆகஸ்டில் ஓர் உடன்பாடு நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மாநிலங்களின் ஒப்புதல் கிடைக்காமல் அதுவும் கைவிடப்பட்டது. 1983-இல் டெல்டா விவசாயிகளின் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. 1986-இல் தமிழ்நாடு முறைப்படி மீண்டும் விண்ணப்பித்தது. 1990 மே 4 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே, ஜூன் 2-இல் நடுவர் மன்றம் பிறந்தது. முதல் கோரிக்கைக்கும் மன்றத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள். ஐம்பது ஆண்டு நிறைவதற்கு முன்பே தொடங்கிய பேச்சு அந்த நாளைத் தாண்டியும் ஓடியது. அன்றைய தி.மு.க. அரசைக் குறை சொல்ல விரும்புபவர்களுக்கு வேறு நல்ல காரணம் இருக்கிறது: 1971-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கை, பேச்சுவார்த்தைக்கு வழிவிடுவதாகச் சொல்லி 1972-இல் திரும்பப் பெற்றது. அது சரியா, தவறா என்று வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் இல்லாத ஒரு புதுப்பித்தலைச் செய்யவில்லை என்று குற்றம் சாட்டுவது, உள்ள குற்றத்தையும் மறைத்துவிடுகிறது.

எதிர்த் தரப்பின் வாதங்களில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்வோம். காலாவதி இல்லையென்றால் ஐம்பது ஆண்டு என்று ஏன் எழுத வேண்டும்? இருவரும் இசைந்தால்தான் மாற்றம் என்றால், ஒருவர் மறுத்துக்கொண்டே இருந்தால் மற்றவர் காலமெல்லாம் பழைய வரம்புக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டியதுதானா? முதல் கேள்விக்கு விடை ஒப்பந்தத்தின் நோக்கத்திலேயே இருக்கிறது. கையெழுத்தான அன்று மேட்டூர் அணை இல்லை; அது 1934-இல்தான் முடிந்தது. இரண்டு பெரிய அணைகள் பல மழைக்காலங்களையும் பல வறட்சிகளையும் காணும் முன் யாரும் கணக்கைக் கலைக்கக் கூடாது என்பதற்கே அந்தக் கால அளவு. ஐம்பது ஆண்டு என்பது அதற்கு முன் திறக்காதே என்ற பாதுகாப்பு. அதற்குப் பின் தானாக இறந்துபோகும் என்ற பொருளை அதிலிருந்து உருவ முடியாது. ‘கிடைத்த அனுபவத்தின் வெளிச்சத்தில்’ ஆராய வேண்டும் என்று எழுதியவர்கள், அனுபவம் சேர்ந்ததும் ஆவணத்தைக் குப்பையில் போடச் சொல்லியிருப்பார்களா? இரண்டாம் கேள்வியும் நியாயமானது. ஆனால் அடைபட்ட கதவுக்கு ஒப்பந்தமே சாவி வைத்திருந்தது: தகராறு எழுந்தால் நடுவர் தீர்ப்பு. குடியரசான பிறகு 1956-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான நதிநீர்த் தகராறுகள் சட்டமும் வந்தது. இசைவு கிட்டாதபோது செல்ல வேண்டிய வழி அதுவே. அந்த வழியில் முதலில் போக முயன்றதும் தமிழ்நாடுதான். மறுபரிசீலனையைத் தமிழ்நாட்டின் தடுப்பாணையாகச் சித்திரிப்பதை நடந்த வரலாறு ஏற்கவில்லை.

அடுத்தது நியாயம் பற்றிய வாதம். ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட மாகாணமும் அவர்களுக்கு அடங்கிய சமஸ்தானமும் செய்த ஒப்பந்தம் சமமானவர்களின் ஒப்பந்தம் ஆகுமா? மைசூரின் பாசனம் அதனால் பின்தங்கவில்லையா? இந்த வாதத்தில் உண்மையின் ஒரு கூறு உண்டு. அதை மறுப்பது தமிழ் வாசகருக்கு அழகல்ல. ஆனால் பங்கீடு குறைவு என்பது திறந்து பார்க்க ஒரு காரணம். ஒருதலையாக எறிந்துவிட உரிமம் ஆகாது. ஒப்பந்தம் மனசாட்சிக்கு ஒவ்வாதது என்ற கர்நாடகத்தின் வாதத்தை உச்ச நீதிமன்றமும் 2018-இல் ஏற்கவில்லை. முறையான வழியில் கணக்கைத் திறந்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2007 பிப்ரவரி 5 அன்று நடுவர் மன்றம் 740 டி.எம்.சி.யில் பெரும்பகுதியை மாநிலங்களுக்குப் பகிர்ந்தது: தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. கர்நாடகத்துக்கு 18.85 லட்சம் ஏக்கர் பாசனத்தை அது ஏற்றது. 1924-இன் வரம்புகளோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரிய விரிவு! முறையான மறுபரிசீலனை மேல்மடை மாநிலத்துக்கு அநீதி செய்யவில்லை, தாராளமாகவே கொடுத்தது. முறையை விட்டு விலகியதால் இழந்தது இரு மாநில விவசாயிகளும்தான். நடுவர் மன்றத்தின் இறுதி ஆணையில் முதல் பிரிவே 1892, 1924 ஒப்பந்தங்களை இந்த ஆணை விஞ்சி நிற்கும், அவற்றின் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்று சொல்கிறது. 1974-இலேயே செத்துப்போன ஒன்றின் இடத்தை 2007-இல் எதற்காக எடுத்துக்கொள்ள வேண்டும்? செத்தவர் இருக்கையை யாரும் காலி செய்யச் சொல்வதில்லை.

மிகக் கடினமான மறுப்பு உச்ச நீதிமன்றத்திடமிருந்தே வருகிறது. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, அமிதவ ராய், ஏ.எம்.கான்வில்கர் அமர்வு, 1924 ஒப்பந்தம் செல்லுபடியானதே, நாடு விடுதலை பெற்றதாலோ அரசியல் சாசனம் வந்ததாலோ அது அழியவில்லை என்று கூறிவிட்டு, ஐம்பது ஆண்டோடு அதன் காலம் முடிந்தது என்ற முடிவுக்கும் வந்தது. சட்டப்படி அதுவே இறுதி. அதற்குக் கீழ்ப்படியாமல் இருக்க முடியாது. ஆனால் ஒரு தீர்ப்புக்குக் கட்டுப்படுவது வேறு, அதன் வாசிப்பைச் சரி என்று ஏற்பது வேறு. ஐந்து உட்பிரிவுகளுக்கு மட்டும் வைத்த கால அளவை ஆவணம் முழுவதற்கும் நீட்டிப் படித்தது, இசைவோடு மாற்றலாம் என்ற ஏற்பாட்டை முடிவுரையாக மாற்றியது ஆகிய இரண்டும் விமர்சனத்துக்கு உரியவையே. அதைவிட முக்கியமானது, அந்தத் தீர்ப்பேகூட மேடைப் பேச்சைத் தாங்கிப் பிடிக்கவில்லை என்பது. காலம் முடிந்தது என்று சொன்ன நீதிமன்றம், அதனால் தமிழ்நாட்டுக்கு உரிமை இல்லை என்று சொல்லவில்லை. நியாயமான பங்கீடு என்ற கோட்பாட்டில் நின்று, மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்று ஆணையிட்டது. நடுவர் மன்றம் சொன்ன 192-இலிருந்து குறைந்த 14.75 டி.எம்.சி.க்குச் சொல்லப்பட்ட காரணங்கள் தமிழ்நாட்டின் நிலத்தடி நீரும் பெங்களூரின் குடிநீரும். புதுப்பிக்கத் தவறியது அந்தக் காரணங்களில் ஒன்றாக இல்லை. மேலும், 2018-இல் தெரியவந்த ஒரு விளக்கத்தை வைத்து 1974-இல் ஆட்சி செய்தவரைக் குற்றவாளி ஆக்குவது எந்த நியாயத்தில் சேரும்? ஒருவர் மட்டும் புதுப்பிக்கக்கூடிய ஒப்பந்தம் உலகில் எங்கே இருக்கிறது?

திரும்பப் பேசுவது முடிவல்ல என்பதற்கு நம் பக்கத்திலேயே இன்னொரு சான்று உண்டு. முல்லைப் பெரியாறு குத்தகை 1886 அக்டோபர் 29 அன்று 999 ஆண்டுகளுக்கு எழுதப்பட்டது. ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகை. அந்த நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாமா என்ற தகராறு நடுவரிடம் போய், 1941-இல் முடிவு சென்னைக்கு எதிராக வந்தது. நீண்ட பேச்சுக்குப் பின் 1970-இல் தமிழ்நாடும் கேரளமும் விதிகளைத் திருத்தின: வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாய் ஆனது, மின் உற்பத்திக்குத் தனிக் கட்டணம் வந்தது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. குத்தகை சாகவில்லை. வெளிநாட்டுச் சான்று இன்னும் கூர்மையானது. டான்யூப் ஆற்றில் கூட்டாக அணைகள் கட்ட ஹங்கேரியும் செக்கோஸ்லோவாக்கியாவும் 1977-இல் ஒப்பந்தம் செய்தன. சுற்றுச்சூழல் கவலையால் 1989-இல் ஹங்கேரி வேலையை நிறுத்தி, 1992-இல் ஒப்பந்தம் முடிந்ததாக அறிவித்தது. மறுபக்கம் ஆற்றைத் தானாகவே திருப்பிவிட்டது. ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம் 1997-இல் இரண்டு செயல்களையும் தவறு என்றது. ஒப்பந்தம் நடைமுறையில்தான் இருக்கிறது, இருவரும் நல்லெண்ணத்தோடு உட்கார்ந்து சுற்றுச்சூழல் விளைவுகளைப் புதிதாக ஆராய வேண்டும் என்றது. காலம் மாறியதற்கு விடை ஒப்பந்தத்தைக் கொல்வது அல்ல, அதைத் திறந்து பேசுவது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு நீதிமன்றம் சொல்ல முடியாது.

இது பழங்கதை ஆராய்ச்சி மட்டும் என்று தள்ளிவிட முடியாது. 2018 தீர்ப்பு தான் நிர்ணயித்த பங்கீடு பதினைந்து ஆண்டுகள் மாறக் கூடாது என்று சொல்கிறது. கணக்குப் பார்த்தால் அது 2033. 1974-ஐப் படித்த அதே கண்ணால் அதையும் படித்தால், பங்கீடு 2033-இல் காலாவதி ஆகிறது, அன்று முதல் மேல்மடை மாநிலம் விரும்பியபடி செய்யலாம் என்ற பேச்சு கிளம்பும். அப்போது தமிழ்நாடு சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: குறித்த ஆண்டு திறந்து பார்க்கும் நாள், புதிய முடிவு வரும்வரை பழைய அளவே நடைமுறை, இசைவு கிட்டாவிட்டால் சட்ட வழி. ஆனால் ஐம்பது ஆண்டு முடிந்ததும் ஒப்பந்தம் போயிற்று என்று அரை நூற்றாண்டாக நம் மேடைகளே முழங்கியிருக்கும்போது, பதினைந்து ஆண்டு முடிந்தால் மட்டும் போகாது என்று எந்த வாயால் வாதிடுவோம்? எனவே 1974 பற்றிய பொய்யைக் கைவிடுவது எந்தக் கட்சிக்கும் செய்யும் சலுகை அன்று. காவிரி மேலாண்மை ஆணையத்தில் உட்காரும் நம் அதிகாரிகளும், உச்ச நீதிமன்றத்தில் நிற்கும் நம் வழக்கறிஞர்களும் 2033-க்கான வாதத்தை இப்போதே எழுதத் தொடங்க வேண்டும். மாதவாரியாக வந்த நீர், வராத நீர், பயிரான ஏக்கர், கருகிய ஏக்கர் எல்லாம் இந்தப் பதினைந்து ஆண்டின் அனுபவமாக ஆவணத்தில் ஏற வேண்டும். மறுபரிசீலனை அனுபவத்தின்மேல் நடப்பது என்று 1924-இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்கோடு போகிறவனுக்கே அந்தப் பேச்சில் இடம்.